முதியோர் இல்லத்து ரசிகர்கள்

பிறந்தநாள், மணநாள், மறைந்தோர் நினைவுநாள் முதலிய தினங்களில் முதியோர் இல்லமொன்றுக்குச் சென்று அங்குள்ளோர்க்கு ஒருவேளை உணவளித்து வருவதென்பது, திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அண்மைக் காலத்தில் வேரூன்றிவிட்ட ஒரு நல்ல வழக்கம். வடை பாயசத்தோடு இலை போட்டு, ஆளுக்கொரு துண்டோ சேலையோ கொடுத்து, உடன் வந்த குழந்தைகளைப் பெரியவர்களின் காலில் விழுந்து எழச் செய்து, எல்லாரும் சேர்ந்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிற இந்தச் சடங்கில் குறை காண்பது என் நோக்கமன்று. பசித்தவர்க்குச் சோறிடுவதைப் பழிப்பவன் எந்த நாட்டிலும் மனிதனாக மாட்டான். ஆனால் இந்தச் சடங்கின் கடைசி அங்கமாக ஒரு மெல்லிசைக் குழுவையும் அழைத்து வருகிற பழக்கம் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. அன்னமளிப்பதில் நாம் காட்டுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கானமளிப்பதில் நாம் காட்டுவதாகத் தெரியாமையால், அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடப்பது இதுதான். உண்ட களைப்பில் கண் சொருகுகிற நடுப்பகல் வேளையில், கூடத்தின் இரு மூலைகளிலும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் நிறுத்தப்படுகின்றன. பாடகர், தம் எதிரே அமர்ந்திருப்பவர்கள் யார், எந்த ஊரார், எந்தத் தொழில் செய்து ஓய்ந்தவர்கள், எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று ஒரு வார்த்தை விசாரியாமல், முன்தினம் இரவு கல்யாண மண்டபத்தில் பாடிய அதே வரிசையைப் பாடி முடிக்கிறார். பெரியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். செவிக்கு உபத்திரவமாயிருந்தாலும், இடையில் எழுந்து சென்றால் சோறு போட்ட புண்ணியவான் மனம் நோவாரே என்ற தாட்சண்யம் அவர்களைப் பிணித்து வைத்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டுகிறார்கள். வந்தவர்கள் அந்தக் கைதட்டலை ஆனந்தத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இல்லத்தில் வசிக்கிற முதியவரை நம்முடைய தர்மத்தைப் பெற்றுக்கொள்பவராகவே பார்த்துப் பழகிவிட்ட நாம், அவர் ஒரு ரசிகர் என்பதையும், ரசிகருக்குரிய மரியாதையும் தேர்வுரிமையும் அவருக்கு உண்டென்பதையும் மறந்துபோனதன் விளைவே இது என்பது என் அபிப்பிராயம்.

இந்த மறதிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. சென்னையில் 1782-ஆம் ஆண்டு, ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி மூண்ட கொடும் பஞ்சத்தின்போது, பட்டினியால் நகரத்துக்குள் வந்து விழுந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் இடமாகத் தொடங்கி, மணியக்காரர் சத்திரமென்று பெயர் பெற்று, பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனைக்கே மூல வித்தாகவும் அமைந்த பழம்பெரும் ஸ்தாபனம், இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்த பின்னும் வடசென்னையில் ஆதரவற்ற முதியோர்க்கு நிழலாய் நிற்கிறது. அந்த மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லுகிற வழக்கம் அப்பக்கத்து மக்களிடம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. நம் நாட்டில் முதியோரைப் பேணும் ஸ்தாபனங்கள் பலவும் இவ்வாறு பஞ்சத்திலிருந்தும் கொள்ளை நோயிலிருந்தும் பிறந்தவையாதலால், உயிர் நிற்பதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததென்ற எண்ணம் அவற்றின் பிறவிக் குணமாகவே அமைந்துவிட்டது.

சட்டம்கூட இவ்விஷயத்தில் நம்மைவிட ஓரடி முன்னே நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டபோது, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கத்தக்க ஓர் இல்லமேனும் இருத்தல் வேண்டுமென்ற நோக்கத்தோடு, நலம் என்பதற்கு இலக்கணம் சொல்லுமிடத்தில் உணவு, வைத்தியம் ஆகியவற்றை அடுத்து மனமகிழ் மன்றங்களையும் அது சேர்த்தே எழுதிவைத்தது. நடைமுறையில் அந்த மனமகிழ்ச்சி ஒரு தொலைக்காட்சிப் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. அதுவும் பெரும்பாலும் காவலாளியின் இஷ்டப்படி ஓடுகிறது.

முதியோர் இல்லத்தைச் சங்கீதத்தோடு சேர்த்தே சிந்தித்த ஒரு மனிதரைத் தேடினால் இத்தாலி தேசத்து மிலான் நகரம் வரையில் போகவேண்டியிருக்கிறது. இசை நாடகங்கள் இயற்றி உலகப் புகழும் பெருஞ்செல்வமும் எய்திய ஜுசெப்பே வெர்தி, தம்மோடு தொழில் செய்தவர்களில் அதிர்ஷ்டம் குன்றியவர்களையும், இளமையில் பொருளைச் சேமிக்கும் சாமர்த்தியம் இல்லாதிருந்தவர்களையும் எண்ணிப் பார்த்து, முதுமையடைந்த இசைக்கலைஞர்களுக்கென்றே ஒரு மாளிகையைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார். கட்டடத்தைத் திட்டமிட்டவர் காமில்லோ போய்த்தோ; வெர்தியின் கடைசி நாடகங்களுக்குப் பாடல் வரிகள் எழுதிய அர்ரிகோ போய்த்தோவின் தமையனார். 1899-இல் கட்டி முடிந்தும்கூட, தாம் உயிரோடிருக்கும்வரை அதில் ஒருவரையும் குடியேற்றலாகாதென்று வெர்தி விதித்துவிட்டார். நன்றி சொல்லவரும் முகங்களைக் காண அவருக்கு விருப்பமில்லை. உபகாரம் செய்தவுடனே புகைப்படக்காரரைத் தேடுகிற நம் காலத்துக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். 1901 ஜனவரியில் அவர் காலமானார். மறு ஆண்டு, அவருடைய பிறந்தநாளாகிய அக்டோபர் 10-ஆம் தேதி, அந்த மாளிகையின் கதவுகள் திறந்தன. அவரும் அவருடைய மனைவியார் ஜுசெப்பினாவும் அதே வளாகத்தின் கீழ் அடக்கமாகியிருக்கிறார்கள். அவருடைய நாடகங்களின் உரிமைத்தொகையே பல பத்தாண்டுகள் அந்த இல்லத்தை நடத்தியது. தாம் இயற்றிய படைப்புகள் எல்லாவற்றிலும் இதுவே தமக்கு உகந்ததென்று அவர் சொல்லியிருந்தாராம்.

அந்த இல்லத்தின் விசேஷம் பொருளுதவியோடு நின்றுவிடவில்லை. ஓய்ந்துபோன பாடகியும், விரல் நடுங்குகிற வயலின் வித்துவானும் அங்கே அறைக்குள் அடைந்து கிடப்பதில்லை. கூடத்தில் பியானோ இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கச்சேரி இருக்கிறது, ஒருவர் பாட்டை மற்றவர் விமரிசிக்கிற சண்டையும் இருக்கிறது. டேனியல் ஷ்மித் என்ற ஸ்விஸ் இயக்குநர் 1984-இல் அந்த இல்லத்தைப் பற்றி எடுத்த 'டோஸ்காவின் முத்தம்' என்ற படத்தில், வயது முதிர்ந்த பாடகர்கள் நடைகூடத்திலும் தொலைபேசி அருகிலும் நின்றபடியே தங்கள் பழைய வேஷங்களைத் திரும்பப் பூண்டு பாடுவதைக் காணலாம். அண்மைக் காலத்தில் இசை பயிலும் இளம் மாணவர்களும் அங்கே தங்க இடமளிக்கப்பட்டு, எண்பது வயதும் இருபது வயதும் ஒரே மேஜையில் உணவருந்துகின்றன. அங்குள்ள முதியோரை யாரும் பரிதாபத்தோடு பார்ப்பதில்லை. பார்த்தால் அவர்கள் பொறுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

அவ்வில்லத்தார் கலைஞர்களாயிற்றே, நம் ஊர் இல்லங்களில் இருப்பவர்கள் சாதாரண மக்கள்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு யெஹுதி மெனுஹின் விடையளித்துவிட்டார். நேருவின் அழைப்பின் பேரில் 1952-இல் நம் நாட்டுக்கு வந்து, நம் சங்கீதத்தில் மனம் பறிகொடுத்துச் சென்ற அந்த வயலின் மேதை, சபைகளுக்கு வந்து கேட்க இயலாதவர்களிடம் சங்கீதமே நடந்து செல்லவேண்டுமென்ற கொள்கையோடு 1977-இல் இங்கிலாந்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இளம் வித்துவான்கள் முதியோர் இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் சென்று நேரில் வாசிக்கிறார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு: அவர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தே அனுப்புகிறார்கள், அவர்களுக்குச் சன்மானமும் கொடுக்கிறார்கள்.

நம் வித்துவான்கள் தர்ம சிந்தையில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தளித்ததை நாடறியும். அதற்குப் பிறகும் அவர் குரல் ஈட்டிய பொருள் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கும் கல்விச்சாலைகளுக்கும் சென்றது. கஸ்தூர்பா அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக விளங்கிய டாக்டர் சௌந்தரம் அவர்கள், தம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகில் நிறுவிய காந்திகிராமத்தில், ஆஸ்பத்திரியும் கல்விச்சாலைகளும் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லமும் வளர்ந்தன. முதியோர்க்கான இல்லமும் பின்னர் அதனோடு சேர்ந்தது. நிதி திரட்டுவதற்காகப் பாடுகிற கச்சேரி நம்மிடம் செழித்த அளவுக்கு, அந்த நிதியால் வாழ்கிறவர்கள் முன் சென்று பாடுகிற கச்சேரி செழிக்கவில்லை. சபையில் பணக்காரர் கேட்பார். பணம் ஏழைக்குப் போகும். பாட்டு மட்டும் ஏழைக்குப் போகாது. காந்திகிராமத்திலே நெடுங்காலமாக நடந்துவரும் சர்வசமயப் பிரார்த்தனை இதற்கு ஒரு விலக்கு என்று சொல்லலாம். அங்கே பாடுவோர் கேட்போர் என்ற பேதமின்றி எல்லாரும் தரையில் அமர்ந்து பாடுகிறார்கள்.

இந்தப் பிரதேசம் சங்கீத வாசனை அறியாத பிரதேசமுமன்று. 'கருணாமிர்த சாகரம்' என்ற மகத்தான இசை நூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் தங்கியிருந்த இளம் பருவத்தில்தான், இவ்வூர்ச் சடையாண்டிப் பத்தரிடம் சங்கீதம் பயின்றார். இடது கையால் மிருதங்கம் வாசித்து, தம் காலத்து வித்துவான்களில் முதல் வரிசையில் நின்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை நம் மாவட்டத்துப் பழனியின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுசென்றார். அபிராமியம்மன் கோயில் புறப்பாட்டிலும், தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியிலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று இல்லங்களில் இருக்கிறார்கள். சின்னாளபட்டித் தறிக்காரர்கள், நாகல்நகர்ச் சௌராஷ்டிர நெசவாளர்கள், பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்கள், தோல் ஷாப்பில் கை கரைந்தவர்கள், சுருட்டு உருட்டியவர்கள், நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்த பெண்கள் ஆகிய இவர்கள் ஒருவரும் சபையில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களல்லர் என்பது உண்மைதான். ஆனால் தேநீர்க் கடை ரேடியோவில் திருச்சி வானொலியையும் இலங்கை வானொலியையும், டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து திரைப்பாடல்களையும், திருவிழாவில் விடிய விடிய நையாண்டி மேளத்தையும், பேகம்பூரில் நாகூர் ஹனிபாவின் குரலையும், தேவாலயத்தில் பாடற்குழுவையும் கேட்டுக் கேட்டுத் தேர்ந்த காதுகள் அவர்களுடையவை. சுருதி விலகினால் முகம் சுளிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்று எண்ணுவது அறியாமை.

இனி, முதியவரின் செவியைப் பற்றி யோசிப்போம். பாடப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வயது ஏற ஏற முதலில் மங்குவது மேல் ஸ்தாயி ஒலிகளைப் பற்றும் சக்தி. 'ச', 'த', 'க' போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த உயர்ந்த அதிர்வுகளிலேயே அடங்கியிருப்பதால், பாட்டின் மெட்டு காதில் விழும், வார்த்தை விழாது. இதனோடு இன்னொரு சங்கடமும் உண்டு: மெல்லிய ஓசை கேளாத அதே செவிக்கு, பெரிய ஓசை இளைஞரின் செவியைக் காட்டிலும் விரைவாக வலி உண்டாக்கும். கேட்காதவருக்குத்தானே என்று ஒலிபெருக்கியைத் திருகுகிறவர் உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு உபத்திரவம் செய்கிறார். காதில் பொருத்துகிற கருவிகளும் பேச்சைக் கருதியே அமைக்கப்பட்டவையாதலால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் சங்கீதம் அவற்றின் வழியே செல்லும்போது தகர ஓசையாகத் திரிவதுண்டு. ஆகையால் பெட்டிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து பேர் அரைவட்டமாக உட்கார, அவர்களுக்கு ஆறேழு அடி தூரத்தில், அவர்களுக்கு முகம் காட்டி, உதடு தெரிய, விளம்பகாலத்தில், வார்த்தையைத் தெளிவாக உச்சரித்துப் பாடுவதே உத்தமம். வீணையின் நாதம் இந்தச் செவிக்குப் பொருந்துகிற அளவுக்கு ஜால்ராவின் நாதம் பொருந்தாது. நாதஸ்வரமாயிருந்தால் கூடத்துக்குள் வேண்டாம். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று வாசிக்கட்டும். கீச்சென்ற திமிரி நாயனத்துக்கு மாற்றாகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கையாண்டு பரவச் செய்த, சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாயனமாயிருந்தால் இன்னும் சுகம்.

சுருதியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முதியோர், முக்கியமாகப் பெண்கள், தம் குரல் வயதினால் இறங்கிவிட்டதை உணர்ந்தவர்கள். பாடகர் தம் சௌகரியத்துக்கேற்ற கட்டையில் தொடங்கினால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். வழக்கத்திலிருந்து ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கிப் பாடுங்கள். இரண்டாவது அடியில் யாரோ ஒருவர் சேர்ந்துகொள்வார், சரணத்தில் நால்வர் சேர்ந்துகொள்வார்கள். அப்போது பாடகர் தம் குரலைத் தணித்து அவர்களுக்கு வழிவிடவேண்டும். இதற்கு வித்தையைவிடப் பணிவு அதிகம் வேண்டும் என்பதால்தான் பெரிய வித்துவான்கள் எல்லாரும் இதற்கு ஏற்றவர்களாவதில்லை.

என்ன பாடுவது என்ற விஷயத்தில் இருவிதப் பிழைகள் மலிந்திருக்கின்றன. முதியோரென்றாலே தியாகராஜ பாகவதர் காலத்தவரென்று இளம் குழுக்கள் நினைத்துக்கொண்டு, 'ஹரிதாஸ்' படப் பாடல்களைத் தேடிப் பயின்று வருகின்றன. அந்தப் படம் வெளிவந்தது 1944-இல். இன்றைக்கு எண்பது வயதானவர் அப்போது பிறக்கவே இல்லை. மனிதன் பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டே கடைசிவரை அவன் நெஞ்சில் நிற்பது என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டால், எண்பது வயதினர்க்கு உரிய காலம் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் கொடிகட்டிப் பறந்த காலம். மதுரைச் சகோதரர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோர் நாதஸ்வரம் வாசித்த 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்த 1968-இல் அவர்கள் இருபதைத் தாண்டிய வாலிபர்கள். எழுபது வயதினரோ 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள். பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜாவின் முதல் ரசிகர்களே இப்போது இல்லங்களுக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். காலம் இப்படி ஓடுகையில் பாகவதரோடு நின்றுவிடுவது நியாயமன்று.

இரண்டாவது பிழை, வயதானால் பக்திப் பாட்டுத்தான் என்று தீர்மானித்துவிடுவது. பக்திப் பாட்டை விரும்பிக் கேட்போர் நிரம்ப உண்டு. அது அவரவர் மதத்துக்கேற்பக் கிடைக்கவும் வேண்டும். ஆனால் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாடிய காதற் பாட்டொன்றை வாய்விட்டுக் கேட்கக் கூசி, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சிபாரிசு செய்யச் சொல்லுகிற எழுபத்தெட்டு வயதுக்காரரைப் பரிகசிக்க நாம் யார்? அந்தப் பாட்டைக் கேட்டுத் திரும்பிவந்த ஒரு மாலைப்பொழுதும், அன்று உடன் வந்தவரும் அவருக்குள் இருக்கக்கூடும். பரலோகத்துக்கு மூட்டை கட்டுகிறவர்களாக மட்டும் முதியோரைக் கருதி, அவர்களுக்கு வைராக்கியத்தையே ஊட்டிக்கொண்டிருப்பது, எனக்கு ஒருவகை அவமரியாதையாகவே படுகிறது. ஹாஸ்யப் பாட்டும் வேண்டும்.

பறையைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. திண்டுக்கல்லைத் தலமாகக் கொண்டு, சகோதரி சந்திரா அவர்களின் முயற்சியால் வளர்ந்த சக்தி கலைக்குழுவின் பெண்கள், சாவு மேளமென்று இழித்துரைக்கப்பட்ட பறையைத் தோளில் மாட்டி, நிமிர்ந்து நின்று, ஆடிக்கொண்டே அடித்து, வெளிநாடுகளிலும் நம் மாவட்டத்துக்குப் புகழ் தேடித்தந்திருக்கிறார்கள். அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் சோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். முதியோர் இல்லத்தில் பறையொலி எழுந்தால் சிலர் நெஞ்சு துணுக்குறும் என்பதை நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த ஒலியைப் பிரேத ஊர்வலத்தோடு சேர்த்தே கேட்டவர்களுக்கு அது சகஜமே. முன்கூட்டிச் சொல்லி, நோயாளிகளின் அறைகளுக்கு அப்பால் வெளிமைதானத்தில், விரும்புகிறவர்கள் வந்து கேட்கும்படியாக ஏற்பாடு செய்யலாம். அந்தத் துணுக்கத்துக்குப் பயந்து பறையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டால், இல்லத்திலிருக்கும் ஏழைக் கிராமத்து முதியவர்களில் பலர் தம்முடைய சொந்தச் சங்கீதத்தையே இழந்தவர்களாவார்கள். அவர்களில் பறையடித்துப் பிழைத்தவர்களும் இருக்கலாம் அல்லவா?

நினைவு தேய்ந்த முதியோரைப் பற்றிச் செவிலியர்கள் சொல்லுவதைக் கேட்டால் வியப்பாயிருக்கும். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர், ஐம்பதாண்டுகளுக்கு முன் கேட்ட பாட்டின் சரணத்தைப் பிறழாமல் பாடுவதுண்டு; வைத்தியர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அதற்காகச் சங்கீதத்தை மருந்தென்று பிரகடனம் செய்து, ராகத்துக்கு ஒரு வியாதி என்று அட்டவணை போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டு கேட்கிற அந்த அரைமணி நேரம் அவர் நன்றாயிருக்கிறார், அது போதாதா? ரத்த அழுத்தம் எத்தனை புள்ளி இறங்கிற்று என்று அளந்து நிரூபித்தால்தான் முதியவருக்குப் பாட்டுக் கேட்கும் பாத்தியதை உண்டென்றால், நாம் எல்லாரும் சபைக்குள் நுழையும்போது வைத்தியச் சான்றிதழ் காட்டவேண்டியவர்களே. கேட்டுக்கொண்டிருக்கையில் ஒருவர் உறங்கிவிட்டால் அதையும் அவமதிப்பாகக் கொள்ளலாகாது. சபைகளின் முதல் வரிசையில் அங்கவஸ்திரத்தோடு உறங்குகிறவர்களை வித்துவான்கள் எத்தனை காலமாகப் பொறுத்து வருகிறார்கள்!

இவ்வளவும் நடைபெற வேண்டுமானால் ஆண்டுக்கொருமுறை வந்துபோகிற ஆரவாரம் உதவாது. மாதத்தில் இரண்டு நாள், குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், காலைக் காப்பிக்குப் பிறகோ மாலை நான்கு மணிக்கோ, முக்கால் மணி நேரத்துக்கு மேற்படாமல், அதே கலைஞர்கள் திரும்பத் திரும்ப வரவேண்டும். எதிர்பார்ப்பதற்கு ஒரு நாள் இருப்பதே இல்லவாசிகளுக்குப் பாதி சந்தோஷம். சென்ற முறை கேட்ட பாட்டைப் பயின்று இந்த முறை பாடுகிற கலைஞரைவிட மேலான விருந்தாளி அவர்களுக்கு வேறில்லை.

அத்தகைய கலைஞர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று அலையவேண்டியதில்லை. கோயிலும் கல்யாணமுமே ஜீவனமாகக் கொண்ட நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்கு முகூர்த்தமில்லாத ஆடியும் மார்கழியும் வறண்ட மாதங்கள் என்பது இவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்ததே. செண்டை மேளமும் ஒலித்தட்டும் கல்யாண வீட்டுக்குள் புகுந்த பிறகு, மற்ற மாதங்களும் அவர்களுக்கு முன்போல் செழிப்பாயில்லை. அரசாங்கத்தின் இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை அளிப்பதும், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருப்பதும் போற்றத்தக்கவையே. ஆனால் உதவித்தொகையை வாங்குகிற கலைஞர் ரசிகரைக் காண்பதில்லை, இல்லத்திலிருக்கும் ரசிகர் கலைஞரைக் காண்பதில்லை. இருவரையும் ஓரிடத்தில் சேர்த்து, வாசித்ததற்குச் சன்மானமாக அந்தப் பணத்தைக் கொடுக்கிற ஏற்பாட்டை மன்றம் யோசித்துப் பார்க்கலாம். மதுரை அரசு இசைக் கல்லூரி மாணவர்களை, பட்டம் பெறுமுன் சில நாட்களாவது முதியோர் இல்லங்களில் பாடி வரும்படி செய்யலாம்; காந்திகிராமப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கு, கலைஞரை அழைத்துவருவது, முதியவர்களின் விருப்பத்தை விசாரித்து எழுதிவைப்பது முதலிய பணிகளை ஒப்படைக்கலாம். எதுவாயினும் வருகிற கலைஞருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தர்ம காரியமென்று சொல்லிக் கலைஞரிடம் இலவசமாக வாங்குவது, ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதாகும். அதில் நமக்குப் புண்ணியம் வராது.

இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கேட்க விரும்பாதவர் எழுந்து தம் அறைக்குச் செல்லுகிற சுதந்திரத்தை முன்கூட்டியே எல்லார்க்கும் அறிவித்துவிடுங்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்க்கு, கதவருகில் வந்து ஒரு பாட்டுப் பாடும்படி கலைஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப் பதிவேட்டில் இரத்தவகையும் மருந்துகளும் எழுதுகிற பக்கத்திலேயே, அவரவர்க்குப் பிடித்த பாட்டு இன்னதென்றும் எழுதிவைத்தால் பெருஞ்செலவு ஒன்றும் ஆகிவிடாது.

வாசகர்களில் பலர் இவ்வாண்டும் யாரேனும் ஒருவரின் நினைவுநாளுக்காக ஏதேனும் ஓர் இல்லத்துக்கு உணவளிக்கப் போகிறீர்கள். சாப்பாட்டில் இனிப்பையும் ஒரு பொரியலையும் குறைத்துக்கொண்டால், ஒரு நாதஸ்வரக்காரருக்கும் ஒரு தவில்காரருக்கும் கௌரவமான சன்மானம் தேறும். ஆடி பிறப்பதற்கு முன்பே உங்கள் தெருக்கோடியிலோ கோயில் வாசலிலோ இருக்கிற கலைஞரின் வீட்டுக்குச் சென்று, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து, நாள் குறித்துக்கொள்ளுங்கள்.